வெள்ளை உடுத்தி முழங்காலிடப் போகும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

திடப்படுத்தலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. மத்தியானத்துக்கு மட்டனா சிக்கனா என்று உங்கள் வீடுகளில் பேச்சும் தொடங்கிவிட்டது. கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் மூன்றையும் வகுப்பில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த மூச்சுவிடாமைதான். ஆராதனை முடிந்து, வயிற்றில் பசியோடு நீங்கள் பெஞ்சில் நெளிந்துகொண்டிருக்கும் நேரத்தில் எதையும் நிறுத்திச் சொல்ல முடிவதில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். உங்கள் அப்பா அம்மாவும், சேகர கமிட்டிப் பெரியவர்களும் படிக்கட்டும் என்றுதான் உறையில் போட்டு ஒட்டாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர் வருகிறது. கவனித்தீர்களா? ஒன்று மரியாள். இன்னொன்று பொந்தியு பிலாத்து. ஆபிரகாம் கிடையாது, தாவீது கிடையாது, பேதுரு பவுல்கூடக் கிடையாது. ஆனால் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ஒரு ரோமத் தேசாதிபதியின் பெயரை நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லுகிறோம். ஒரு ஊரில் ஒரு ராஜா என்று தொடங்கும் கதையை நாம் நம்பவில்லை. இன்ன அதிகாரி பதவியில் இருந்த காலத்தில், இன்ன ஊரில், இந்த அநியாயம் நடந்தது என்கிறோம். நம் விசுவாசத்துக்குத் தேதி உண்டு.

அதோடு முடியவில்லை. இந்த மனிதரிடம் குற்றம் ஒன்றும் காணவில்லை என்று பிலாத்துவே சொன்னதாகச் சுவிசேஷங்கள் எழுதியிருக்கின்றன. இருந்தும் கூட்டம் சத்தம் போட்டது, அவன் ஒப்புக்கொடுத்தான். ஆக, சட்டப்படி நடந்ததெல்லாம் நியாயம் இல்லை, நிறையப் பேர் கத்துவதெல்லாம் உண்மை இல்லை என்பதும் நம் விசுவாச அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. பிற்பாடு ஓட்டு, அணி என்று பேசப்போகிறேன். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரித்துவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஐஸ், தண்ணீர், நீராவி என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எளிதாக இருக்கிறதென்று எல்லாரும் சொல்லுகிற உதாரணம் அது. ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிற மாதிரி கடவுளைக் காட்டுகிற அந்தப் போதனையை மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவிட்டது என்பதை மட்டும் யாரும் சொல்லுவதில்லை! எனக்குத் தெரிந்த அளவில் சொல்லுகிறேன். உலகம் உண்டாகும் முன்னாலும் கடவுள் தனியாக இல்லை. பிதா, குமாரன், ஆவி என்று அன்பு அங்கே இருந்துகொண்டே இருந்தது. அந்த அன்பின் மிச்சமாக இல்லை, அதன் பெருக்காக நாம் படைக்கப்பட்டோம். அதனால்தான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் தனியாகக் கிறிஸ்தவனாக இருக்க முடியாது என்று சபை விடாப்பிடியாகச் சொல்லுகிறது. இதற்குமேல் என்னிடம் கேட்டால் நம் சபை ஐயரிடம்தான் அனுப்புவேன்.

உங்களில் பலருக்கு வாய்ப் பேச்சு வராத வயதில் ஞானஸ்நானம் கொடுத்தோம். விவரம் தெரியாத பிள்ளைக்கு எதற்கு என்று பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே நண்பர்கள் கேட்டிருப்பார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். அவர்கள் பக்கமும் வேதத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். நம் பக்கத்துக் காரணம் இது. அந்த வயதில் உங்களால் ஆனது ஒன்றுமே இல்லை. பரீட்சை எழுதவில்லை, காணிக்கை போடவில்லை, நல்ல பிள்ளை என்று பேர்கூட எடுக்கவில்லை. அப்படி இருக்கும்போதே கர்த்தர் உங்களைத் தம்முடையவர் என்று சொல்லிவிட்டார். கிருபை என்று நாம் சொல்லுவதன் முழு அளவும் அந்தத் தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் சார்பில் ஞானப் பெற்றோர் சொன்ன வாக்கை, இப்போது உங்கள் வாயால் நீங்களே சொல்லப்போகிறீர்கள். பேராயர் ஐயா தலையில் கைவைத்து, அதில் நிலைத்திருக்கப் பரிசுத்த ஆவியானவரின் பலத்தைக் கேட்டு ஜெபிப்பார். திடப்படுத்தல் என்பது அவ்வளவே.

டி.வி.யில் வரும் சில பிரசங்கங்களோடு இதை ஒட்டிப் பாருங்கள். இவ்வளவு கொடு, அவ்வளவு வரும். பைக் வந்தது, விசா வந்தது, வீடு கட்டி முடிந்தது, ஸ்தோத்திரம். வந்ததற்கு நன்றி சொல்லுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வராத வீட்டுக்காரர் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு என்ன சொல்லப்போகிறோம்? விசுவாசப் பிரமாணத்தை மேலிருந்து கீழே வாசியுங்கள். பாடுபட்டார், அறையப்பட்டார், மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார் என்று வரிசையாக வருகிறது. உயிர்த்தெழுதல் அதற்குப் பிறகு வருகிறது, அதைத் தாண்டிக் குதித்து வரவில்லை. உயிர்த்த பிறகும் கையில் ஆணித் தழும்பு இருந்தது. அதைப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவை யாரும் சபையைவிட்டுத் தள்ளவில்லை. சந்தேகம் வந்தால் வாருங்கள், பேசுவோம். சந்தேகம் வரவே கூடாது என்று சொல்லுகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இனி நம் சபைக்கு வருகிறேன். தென்னிந்தியத் திருச்சபை என்று பலகையில் எழுதியிருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்டபோது பாதிப் பேர் வெள்ளைக்காரன் வைத்தது என்றீர்கள். இல்லை, பிள்ளைகளே. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது பிரிந்துகிடந்த சபைகளை. இங்கிலாந்தில் நடந்த சண்டைக்காக ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், கான்கிரிகேஷனல் என்று நம் ஊர்க்காரன் ஏன் தனித்தனியாக உட்கார வேண்டும் என்று கேட்டவர்களில் முன்னால் நின்றவர் இந்தச் செம்மண் தேரிப் பக்கத்து ஆள். வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் மிஷனெரி அனுப்புவதைப் பார்த்து, நம்மால் ஏன் முடியாது என்று திரும்பினார். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நைஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு படித்து, சமுதாயம் தொடக்கூடாதென்று ஒதுக்கிவைத்த மாலா, மாதிகா மக்களின் நடுவில் ஊழியம் செய்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைக்கச் சொல்லுவாராம். சுவிசேஷத்தை அறிவிக்காமல் இருந்தால் என் கதி என்ன என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பொருளில் ஒரு வாக்கைச் சொல்லவைப்பாராம். உங்கள் தலையில் பேராயர் கைவைப்பார். எழுந்து போகும்போது உங்கள் கையையும் ஒருதரம் வைத்துப்பாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் இந்த அசரியாவும் இன்னும் சில ஊழியர்களும் கூடி, ஒரே சபையாக இணைவோம் என்று அறிக்கை விட்டார்கள். இணைந்தது 1947 செப்டம்பர் 27, சென்னை ஜார்ஜ் கதீட்ரலில். இடையில் 28 வருஷம்! எதற்கு அவ்வளவு காலம்? பெரும்பாலும் ஒரே கேள்வி. பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத ஒரு போதகர் நற்கருணை கொடுத்தால் அது செல்லுமா? செல்லாது, அவர்களுக்கு மறுபடி கைவைக்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். அப்படியானால் இத்தனை வருஷம் எங்கள் போதகர்கள் கொடுத்தது என்ன என்றார்கள் மறுசாரார். கடைசியில் யாருக்கும் மறுபடி கைவைக்கவில்லை. எல்லாருடைய ஊழியத்தையும் இருந்தபடியே ஏற்றுக்கொண்டு, இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர்கள் கைவைப்பார்கள் என்று முடிவானது. வேதம், அப்போஸ்தல விசுவாசப் பிரமாணம், நிசேயா விசுவாசப் பிரமாணம், ஞானஸ்நானம், நற்கருணை, பேராயர் ஊழியம் இவற்றின்மேல் சபை நின்றது. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். அவர் கண்ணால் பார்க்கவில்லை.

யார் கொடுத்தாலும் யார் வாங்கினாலும் ஒரே பந்தி. நம் சபை உண்டானதே அந்தப் பிடிவாதத்தினால்தான் என்பது என் எண்ணம். கொள்கை என்று நீங்கள் மனப்பாடம் பண்ணின எதை எடுத்தாலும் இந்தப் பந்தியில் கொண்டுவந்துதான் உரசிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் இடம் ஒன்று வருகிறதே, நீங்கள் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் இடம், அது 1950-இல் நம் சபையின் நற்கருணை முறைமையில் சேர்ந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த பழக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஐயர் தன் கையை உதவி செய்கிறவரின் கைகளுக்குள் வைப்பார், அவர் இறங்கிவந்து முன்பெஞ்சில் இருப்பவருக்கு, அவர் அடுத்தவருக்கு. அப்படியே கை மாறி மாறி, வாசலில் செருப்புப் பக்கத்தில் நிற்கிறவர்வரை போகும். மற்ற நாட்டுச் சபைகளும் தங்கள் முறைமைகளைத் திருத்தியபோது இதை எடுத்துப் பார்த்தன. நாம் என்ன செய்கிறோம்? இருந்த இடத்தில் நின்று நாலு பக்கமும் ஒரு கும்பிடு. கொரோனா நாளில் அது சரி. இன்றைக்கும் ஏன் அதே கும்பிடு என்று யோசித்தால், சிலருடைய கையைத் தொடாமல் தப்பிக்க அது வசதியாக இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. சந்தேகம்தான்.

சாதியைப் பற்றித்தான் சொல்லுகிறேன். பெரியவர்கள் முகம் சுளித்தாலும் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிச் சபையின் முதல் அங்கத்தினர் ஜாபிதா 1780-இல் எழுதப்பட்டது. நாற்பது பேர், பல சாதியினர். முதல் பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்கிறாள் என்று சுவார்ட்ஸ் என்ற மிஷனெரி ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த பெண். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778-இல் அவரே கொடுத்தார். பாளையங்கோட்டையில் அவள் கட்டி 1785-இல் பிரதிஷ்டையான கோயிலை இன்றும் ஜனங்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்லுகிறார்கள். நம்முடைய குடும்ப வரலாறு இப்படித் தொடங்குகிறது. பாதிரியார் முதலில் மறுத்த ஒருத்தி, அவளோடு பல சாதி ஆட்கள், ஒரே ஜாபிதாவில்.

பிறகு வழி மாறியது. சாதிக்கொரு பக்கம் உட்காருவதும், நற்கருணைக்கு ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி வருவதும் தமிழ்நாட்டுச் சீர்திருத்த சபைகளில் வேரூன்றிவிட்டன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், இதையெல்லாம் உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். அவர்களைப் பார்த்து இன்றைக்கு நாம் சிரிக்க வேண்டாம். மணமகள் தேவை விளம்பரங்களில் சபைப் பெயரும் சாதிப் பெயரும் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. கல்லறைத் தோட்டத்தில் யாரை எந்த ஓரத்தில் வைக்கிறார்கள் என்பதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும், பல ஊர்களில் சரித்திரம் படிக்க வேண்டியதில்லை. சரீரம் உயிர்த்தெழும் என்று அறிக்கை செய்கிறோமே, எழுந்த பிறகும் அந்தந்த ஓரத்திலேயேதான் நிற்பார்களா?

நம்மிடம் இதற்கு மருந்தே இல்லை என்று நினைக்காதீர்கள். அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி கோயில் வளாகத்துக்கு வாருங்கள். இந்த வருஷம் உங்களைப் பரிமாற விடச் சொல்லியிருக்கிறேன். மண்ணில் வெட்டின அடுப்பு, அதில் வரிசையாக வார்ப்புகள், பனங்கட்டையும் உடைமர விறகும் எரிகிற வாடை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருப்பார்கள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே ஊர் வம்பு எல்லாம் ஓடும். வடித்த சோற்றைப் புதுப்பாயில் கொட்டி மலையாகக் குவிப்பார்கள். ஆவி பறக்கும் அந்தச் சோற்றை மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் போடுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளக்கும். ஐயர் வந்து ஜெபம் பண்ணியபிறகு பந்தி. இந்துக்கள் வருவார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து வருவார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வருவார்கள். தூக்குவாளியோடு வருகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. யார் சமைத்தது, யார் அள்ளிவைத்தது, பக்கத்தில் இருப்பது யார் என்று அந்தப் பந்தியில் கேட்டால் கேட்கிறவனுக்குத்தான் அசிங்கம். பீடத்தில் ஒரு துண்டு அப்பமாக வாங்குவதும் முற்றத்தில் ஒரு கரண்டி சோறாக வாங்குவதும் ஒன்றுதான் என்று ஐயர்மார் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். எனக்கு இரண்டும் ஒரே பந்தியின் இரண்டு கோடி.

அந்தச் சோற்றில் கைப்பிடி அரிசியும் உண்டு. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கம் உங்கள் ஆச்சிமாருடையது. மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பனையேறியின் வீட்டில் ஒரு பிடி அரிசி என்றால் அது யாரோ ஒருவருடைய கவளம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊழியங்கள் அப்படிச் சேர்த்த அரிசியில் நடந்திருக்கின்றன. காணிக்கை என்றால் இவ்வளவு சதவீதம் என்று கணக்குச் சொல்லுகிறவர்களிடம் அந்தப் பானையைக் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உயிர்த்தெழுதலை முதலில் வந்து சொன்னவர்கள் பெண்கள். அப்போஸ்தலர்கள் அதைப் பிதற்றல் என்று நினைத்தார்கள் என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் சபையில் 2013-இல் புஷ்பலலிதா நந்தியாலில் பேராயரானார். அதுவரை ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உள்ளி உரிக்க எத்தனை பேர் இருக்கிறீர்கள், சேகர கமிட்டியில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

ஓட்டுக்கு வருகிறேன். திடப்படுத்தல் ஆனால் நற்கருணை எடுக்கலாம். வயது வந்து, சங்கச் சந்தாவும் கட்டினால் சபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். உங்களில் சிலருடைய வீட்டில் இப்போதே அதற்குக் கணக்கு நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். நம் அணிக்கு மூன்று ஓட்டு கூடும் என்று ஒருவர் என்னிடமே சொன்னார்! தமிழ்நாட்டுத் திருமண்டலத் தேர்தல்கள் கோர்ட் வரை போவது செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் புதிதில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, வேலை நியமனம், நிலம் எல்லாம் கமிட்டி கைக்குள் இருப்பதால் வரும் வினை. தேர்தலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஆள் கையில் எல்லாம் இருப்பது அதைவிட மோசம். ஓட்டுப் போடுங்கள், கணக்குக் கேளுங்கள், தேவைப்பட்டால் நில்லுங்கள். ஆனால் தேர்தலில் எதிர்த்து நின்றவரோடு அடுத்த ஞாயிறு ஒரே நற்கருணைக் கிராதியில் முழங்காலிட முடியாமல் போனால், அதைப் போய் யாரிடமாவது ஒப்புக்கொள்ளுங்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று சொன்னவருக்கு வாக்காளர் பட்டியல் தெரியாமல் இருந்திருக்காது.

ஒத்திகை சனிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு. பிள்ளையை முன்வரிசையில் நிறுத்துங்கள் என்று இரண்டு வீட்டிலிருந்து கேட்டார்கள். இன்னார் பக்கத்தில் வேண்டாம் என்று ஒரு வீட்டிலிருந்து கேட்டார்கள். ஐயரிடம் பேசிவிட்டேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பெயர் எந்த வரிசையில் எழுதியிருக்கிறதோ அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள். வேறு சேகரத்திலிருந்து வந்த பிள்ளைகள் சான்றிதழை வியாழனுக்குள் சபை ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள், தேதி பார்த்து இடையில் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் திடப்படுத்தல் வகுப்பு டீச்சர்